குளவி என்று சொன்னேன்

என் மகள் லூர்துக்கு,

தந்திக்காரன் வாசலில் நின்றதும் யாரோ போய்விட்டார்கள் என்று நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பாய். பிரித்துப் பார்த்தால், குழந்தைக்குக் கஜு கொடுக்காதே, கடிதம் வருகிறது என்று மட்டும் இருந்திருக்கும். கிழவருக்கு மூளை பிசகிவிட்டது என்று மாப்பிள்ளை சிரித்திருக்கலாம். சிரிக்கட்டும். கால் மட்டும் சரியாக இருந்திருந்தால் தந்தி அடித்திருக்கமாட்டேன். காலை ரயிலில் ஏறிக் கொழும்புக்கு வந்து உன் வாசலில் நானே நின்றிருப்பேன். கிறிஸ்மஸுக்கு மறுபடியும் அந்தக் கேக்கைப் போடப்போவதாக நீ எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பாப்பாவின் மூன்றாவது பிறந்தநாளுக்கு நான் சொல்லிக்கொடுத்தபடியே சொக்லேட் கேக் போட்டாய். கஜு முந்திரியை நெய்யில் வறுத்து, பாதியை மாவாக்கி உள்ளே சேர்த்து, மீதியை உடைத்து மேலே தூவினாய். பாப்பா ஒரு வாய்தான் தின்றாள். உதடு தடித்தது, கழுத்தெல்லாம் தடிப்பு எழும்பியது, சாயங்காலத்துக்குள் தானாக வடிந்தும் விட்டது. மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். 'உங்க கேக்குக்குத்தாம்பா கண்ணு பட்டுருச்சு' என்று கடைசியில் வேடிக்கையாக எழுதியிருந்தாய். கண்ணூறு இல்லை மகளே. இதை நான் முன்பே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். உனக்கு அப்போது ஏழு வயது. உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று இத்தனை வருஷமாக நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துத் துரை பங்களாவில் நான் சமையல் கோக்கி. குசினிக்குப் பின்னால், படி இறங்கினால், நமக்கு ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்திருந்தார்கள். உன் அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். எனக்குக் கேக் போடக் கற்றுக்கொடுத்தது துரைசாணி அம்மாதான். வெண்ணெயும் சீனியும் வெள்ளையாகும்வரை கை ஓயக்கூடாது, முட்டையை ஒவ்வொன்றாகத்தான் விடவேண்டும், கொக்கோவைச் சூடான பாலில் கட்டியில்லாமல் கரைத்துத்தான் சேர்க்கவேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லுவார். பங்களா அடுப்பில் கற்றதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை எனக்கு. மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் படுக்கவைத்து, உள்ளே மணல் பரப்பி, கீழேயும் மேலேயும் தணல் போட்டு ஒரு கேக் அடுப்பு செய்தேன். சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி. அதற்கு ஒரு புகை வாசம் உண்டு. கொக்கோவோடு சேர்ந்தால் பங்களாக் கேக்குக்கு இல்லாத ருசி வரும். கஜு போடுவது என் சொந்த யோசனை. துரை வீட்டில், பிள்ளை தின்னும் கேக்கில், ஜீரணமாகாது என்று கொட்டை வகை சேர்க்கமாட்டார்கள். கேக் வெந்ததும் வெண்ணெய், கொக்கோ, கருப்பட்டிப் பாகு மூன்றையும் காய்ச்சிச் சூட்டோடு மேலே ஊற்றுவேன். ஆறினால் அது ஏடு கட்டி மினுங்கும். கத்தி பட்டால் மெல்ல விரியும். முதல் தடவை உன் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இத்தன வெண்ணெய ஒரே சட்டியில கொட்டுனா சாமி பொறுக்குமாங்க?" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டையும் எடுத்தாள்.

கோயிலில் நீ முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை நாளுக்கு அந்தக் கேக்கைத்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெள்ளைக் கவுனோடு வந்து, அதைக் கழற்றவும் மாட்டேன் என்று நீ அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாய். துரையும் துரைசாணி அம்மாவும் நுவரெலியாவுக்குப் போயிருந்தார்கள். ஆயாவுக்குத் தலைவலி, படுத்துவிட்டாள். வாசம் பிடித்துக்கொண்டு ஹெலன் பேபி பின்படியில் இறங்கி வந்தது. துரையின் ஒரே பிள்ளை, உன்னைவிட ஒரு வயது சின்னது. பிறந்ததிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளோடு திரிந்ததால் நம் தமிழ்தான் அதற்கு வரும். நீ எலன் என்பாய்.

"லூர்து, என்னா வாசம் புள்ள அது?"

"கேக்கு. எங்கப்பா போட்டது. ஒங்க வீட்டுக் கேக்க விட நல்லாருக்கும்."

"பொய்யி."

"தின்னு பாரு அப்ப."

உன் துண்டை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அதற்குக் கொடுத்தாய். நான் கையில் கத்தியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்தேன். நீ செய்தது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதனால் நன்றாகக் கேட்டுக்கொள், லூர்து. அன்றைக்குக் கொடுத்தது உன் கை. ஆனால் அதில் உன் குற்றம் ஒரு பொட்டும் இல்லை. பங்கிட்டுத் தின்னத்தான் நாங்கள் உன்னை வளர்த்தோம்.

குழந்தை முதலில் உதட்டைச் சொறிந்தது. பிறகு இருமியது. நாக்கு அரிக்கிறது என்றது. நான் தண்ணீர் எடுக்கத் திரும்பி, திரும்பிப் பார்ப்பதற்குள் கண் இரண்டும் மூடிக்கொண்டு முகம் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. மூச்சு விசிலடித்தது. வெந்நீர்க் கேத்தல் கொதிக்கத் தொடங்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். தூக்கிக்கொண்டு படியேறி ஓடினேன். எத்தனை படி என்று உனக்குத் தெரியும், பதினான்கு. அந்தப் பதினான்கு படிக்குள் நான் நினைத்தது பிள்ளையைப் பற்றி அல்ல. என்ன தின்றது என்று கேட்பார்களே என்று நினைத்தேன். கேக்குக்கு ஊற்றிய கொக்கோவைப் பங்களா அலுமாரியிலிருந்து கேட்காமல் எடுத்திருந்தேன். துரையின் பிள்ளை வேலைக்காரன் வீட்டில் உட்கார்ந்து தின்றது என்றால் அதுவே போதும். நமக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்திருந்த காலம். வேலை போனால் பேரை வெட்டிப் பத்துச்சீட்டைக் கையில் கொடுப்பார்கள், பத்துச்சீட்டோடு வீடும் போகும். மேல்படியில் நின்று, தோளில் கிடந்த துண்டால் அதன் வாயைச் சுற்றியிருந்த சொக்லேட்டை அழுந்தத் துடைத்தேன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த பிள்ளையின் வாயை மகளே. துடைத்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஓடி வந்து ஊசி போட்டார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"குளவிங்க ஐயா. ரோசாச் செடிகிட்ட வெளையாடிக்கிட்டு இருந்திச்சு."

"கொட்டுன தடத்தக் காணோமே?"

கழுத்தில் எழும்பியிருந்த தடிப்புகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். அவர் நம்பினார். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? மலையில் குளவி கொட்டி ஆட்கள் விழுவதை எல்லாரும் பார்த்ததுதானே. ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. துரை வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது நாக்குத் தடுமாறவில்லை. மறுநாள் பங்களாவைச் சுற்றியிருந்த குளவிக்கூடுகளையெல்லாம் கொளுத்தச் சொன்னார். அதைச் செய்யப்போன இரண்டு பேர் குளவி கொட்டி முகம் வீங்கி ஒரு கிழமை கிடந்தார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

அன்று உன்னைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, "நீ எதையும் குடுக்கல, அவ எதையும் திங்கல. சரியா?" என்றேன். புதுநன்மைக் கவுனோடு நீ தலையாட்டினாய். காலையில்தான் நன்மை வாங்கிய பிள்ளைக்கு மத்தியானமே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நெசமா குளவியா?"

"இல்ல. கஜு. கொக்கோ அது தெனமும் திங்கிறதுதான். கஜுதான் புதுசு."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"சொன்னா எங்க போறது? ஊருன்னு ஒண்ணும் இல்ல, நாடுன்னு ஒண்ணும் இல்ல."

"புள்ள உசுருங்க அது."

"இனிமே அது வாயில கஜு படாம நான் பாத்துக்கிறேன். நாந்தான கோக்கி."

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். ஒன்றரை வருஷம். கடையில் வரும் பாதாமில் பூச்சி என்று சொல்லிக் கிறிஸ்மஸ் கேக்கில் சேர்க்கவில்லை. லவ் கேக் வேண்டும் என்று துரைசாணி அம்மா கேட்டபோது கஜுவுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பூவை வறுத்துப் போட்டேன். விருந்துக்கு யாராவது பலகாரப் பெட்டி கொண்டுவந்தால் குசினியிலேயே பிரித்து, கொட்டை இருப்பதை எடுத்துவிட்டு மற்றதைத்தான் தட்டில் வைப்பேன். தன் பிள்ளையைக்கூட ஒருவன் அப்படிக் காவல் காத்திருக்கமாட்டான். அதனாலேயே, செய்த தப்புக்கு ஈடு கட்டிவிட்டேன் என்று நினைத்தேன். என் காவல் என் குசினி வாசலோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு துரைக்கு நோர்வூட் பக்கம் ஒரு பெரிய தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு கோக்கி இருந்தார். என்னைக் கூட்டிப்போகவில்லை. அவர்கள் புறப்பட்ட காலையில் உன் அம்மா மலைக்குப் போகவில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வராதவள் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை என்று நின்றாள்.

"இன்னைக்காவது சொல்லிருங்க. அங்க இருக்கிற ஆளுக்குத் தெரியாது. வேற ஒண்ணும் சொல்ல வேணாம், கஜு ஒத்துக்காதுன்னு மட்டும் சொல்லுங்க."

அதைத்தான் சொல்லப் போனேன். கார் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். துரைசாணி அம்மா கண்ணாடியை இறக்கி, "என்னா கோக்கி, ஏதாவது சொல்லணுமா?" என்றார். ஒத்துக்காது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? எப்போது தின்றது என்று கேட்டால்? குளவி எங்கே என்று கேட்டால்? ஒரு பொய்யை நிறுத்திவைக்க எத்தனை முட்டு கொடுக்கவேண்டியிருக்கிறது பார். "ஒண்ணும் இல்லீங்கம்மா. பேபிய நல்லாப் பாத்துக்கங்க" என்றேன். குழந்தை பின்கண்ணாடி வழியாக உனக்குக் கைகாட்டிக்கொண்டே போனது. திரும்பி வந்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றும் மறுநாளும் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து உரம் ஏற்றி வந்த லொறி டிரைவர் ஒருவர் தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் வந்தார்.

"அண்ணே, ஒங்க பழைய தொரை வீட்டுப் புள்ள போயிருச்சாம்ல."

"எந்தப் புள்ள?"

"அந்த ஒத்தப் புள்ளதான். பங்களாவுல பார்ட்டியாம். கேக்கு தின்னுக்கிட்டு இருந்திச்சாம், திடீர்னு முகம் வீங்கி மூச்சு முட்டிப்போச்சாம். முந்தி ஒருக்கா குளவி கொட்டுனப்பவும் இப்பிடித்தான் ஆச்சுன்னு, குளவி குளவின்னு எல்லாரும் தோட்டம் பூராத் தேடுனாங்களாம். ஒண்ணும் ஆம்புடலையாம். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

தோட்டம் பூராத் தேடினார்களாம் லூர்து. நான் சொன்ன குளவியை. கேக் தட்டு மேசையிலேயே இருந்திருக்கும். ஒருவரும் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். டிரைவரிடம் அது என்ன கேக் என்று கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கேட்டேன்.

சீமைக்குப் போவதற்கு முன்னால் துரைசாணி அம்மா ஒரு தடவை நம் தோட்டத்துக்கு வந்தார். புது துரை வீட்டில் உட்காராமல் நேரே குசினிக்கு வந்துவிட்டார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். என் கையில் மாவு இருப்பதையும் பாராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதே இல்லை. "கோக்கி, ஒன்கிட்ட இருந்த மட்டும், குளவி கொட்டியும், பேபிக்கு ஒண்ணும் ஆகல. ஒன்னை விட்டுட்டுப் போனது என்னோட தப்பு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில், திக்கித் திக்கி, அதைத்தான் சொல்ல வந்திருந்தார். நான் "இல்லீங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு அழுதார். செய்யாத தப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு தாய் கப்பலேறிப் போனாள். இறக்கிவைக்க என் ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். மன்னிப்பு ஆத்துமாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம், காதுக்குப் போய்ச் சேரவில்லை. கோயிலில் எந்தப் பிள்ளை இருமினாலும் எனக்குச் செபம் பாதியில் நின்றுவிடும். அடுப்பில் கேத்தல் விசிலடிக்க விடமாட்டேன். அதற்கு முன்பே இறக்கிவிடுவேன். தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை என்று இரண்டு துரைகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். கஜு வறுக்கும்போதெல்லாம் பின்படியில் சின்னச் சப்பாத்துக் கால் இறங்கும் சத்தம் கேட்கும். இல்லை என்று தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் படி வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருப்பதுதான் தாங்கமுடியாதது.

அப்படியானால் அந்தக் கேக்கை ஏன் விடவில்லை என்று கேட்பாய். நிறுத்தினால் ஏன் என்று கேட்பீர்களே. மாதாத் திருநாளுக்கும் உன் பிறந்தநாளுக்கும் லயத்து ஆட்கள்கூடக் கேட்டு வருவார்கள். பதினான்கு வயதில் நீ எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கரண்டியைப் பிடுங்கினாய். பாகின் பதத்தை விரலில் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கஜு எந்த நிறத்துக்கு வந்தால் இறக்கவேண்டும் என்று சொன்னேன். "ஏம்பா கஜு வறுக்கிறப்ப படியையே பாக்குறீங்க?" என்று கேட்டாய். மழை வருகிறதா என்று பார்த்தேன் என்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், சிலருக்கு இது விஷமாகிவிடும் என்ற ஒன்றைத் தவிர. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், கண்ணை மூடுவதற்கு முன்னால், உன் அம்மா, "மகளுக்காவது ஒருநாள் சொல்லிருங்க" என்றாள். சரி என்றேன். தாலி கட்டும்போது வேண்டாம் என்று விட்டேன். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது வேண்டாம் என்று விட்டேன். நல்ல நேரம் பார்த்துப் பார்த்து, அது உன் பிள்ளையின் உதட்டில் வந்து நின்றுவிட்டது.

இப்போது நான் சொல்வதைச் செய். பாப்பாவுக்குக் கஜு ஒரு துளிகூட வேண்டாம். கச்சான் கடலை, பாதாம் எதுவும் வேண்டாம். எது ஆகும் எது ஆகாது என்று எனக்குத் தெரியாது, தின்னவைத்துப் பார்க்கவும் வேண்டாம். கஜு வறுத்த சட்டியை அவள் சாப்பாட்டுக்கு எடுக்காதே. ஹெலன் பேபிக்கு முதல் தடவை ஒரு மணி நேரத்தில் வடிந்தது, இரண்டாவது தடவை வடியவில்லை. நான் பார்த்ததும் கேட்டதும் அவ்வளவுதான், எனக்கு அது போதும். தவறி நடந்துவிட்டால் மிளகாய் சுற்றிக்கொண்டு நிற்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. என்ன தின்றாள் என்று கேட்டால் உள்ளதைச் சொல். யார் கொடுத்தது, யார் வீட்டில், யாருக்குக் கோபம் வரும் என்றெல்லாம் அந்த வேளையில் யோசிக்காதே. நான் பதினான்கு படி யோசித்தேன்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை மறைக்காதே. மாமியாரிடமும் வாசித்துக் காட்டு. உன் அப்பா இப்படிப்பட்டவரா என்று அவர்கள் கேட்டால், ஆமாம் என்று சொல். என் பெயரைக் காப்பாற்ற வார்த்தை தேடாதே. இனிமேல் அவர் கையால் பிள்ளைக்கு எதுவும் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுவும் நியாயம்தான், எனக்கு வருத்தமில்லை. நீயும் என்மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. உன் அம்மா இரண்டு நாள் இருந்தாள், நீ இரண்டு வருஷம் இரு.

ஆனால் இதைப் படித்து முடித்தவுடன் எனக்குப் பதில் எழுத உட்காராதே. பாப்பா இந்த நேரம் அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறாள்? எழுந்து போய், அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வா.